சென்னைப் புயல்களும் நம் மக்களும்

நமது கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, எதைப் பற்றி எழுதுவது என்று சில நாட்கள் தயங்கினோம். பண்டிதர் அயோத்திதாசரைப் பற்றியும், திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனைப் பற்றியும், ராவ் பகதூர் எம். சி. ராஜாவைப் பற்றியும் எழுத வல்லார் நம்மிடையே பலர் உளர். அப்பெரியோர் வரலாறு ஓரளவேனும் அச்சேறிவிட்டது. நம் கண்முன்னே நடந்து, நாம் உழைத்து, நாம் இழந்து, ஆயினும் எந்த ஏட்டிலும் நம் பெயர் ஏறாத வரலாறு ஒன்று உண்டு. அதுவே சென்னைப் பெருநகரைத் தாக்கிய புயல்களின் வரலாறு. அதனை நம் இளைஞர்கள் படித்தறிய வேண்டும் என்னும் எண்ணத்தால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

கடலோர நகரமும் காற்றும்

ஐப்பசி, கார்த்திகை, மார்கழித் திங்கள்களில் வடகிழக்குப் பருவக்காற்று வீசும் காலத்தே வங்கக் கடலில் புயல்கள் தோன்றுகின்றன. வெப்பமுற்ற கடல்நீர் ஆவியாகி மேலெழுகிறது. காற்றழுத்தம் குறைந்த அவ்விடத்தை நோக்கிச் சுற்றுப்புறக் காற்று விரைகிறது. புவியின் சுழற்சியால் அக்காற்று நேரே செல்லாது சுழன்று செல்கிறது. இவ்வாறு சுழலும் பெருங்காற்றிற்குப் பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று 'சைக்ளோன்' என்று பெயரிட்டவர், கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்பார். அவர் அப்பெயரைத் தம் நூலில் வழங்கிய ஆண்டு 1848.

சென்னை நகரம் தோன்றிய நாள் முதலே புயலுக்கும் அதற்கும் தீராத வழக்கு உண்டு. 1746-ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனே சென்னையைக் கைப்பற்றினார். அடுத்த திங்களே, அக்டோபர் 13-ஆம் நாள் இரவு எழுந்த புயலில் அவருடைய கப்பல்கள் சில மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். ஆங்கிலேயரின் பீரங்கி செய்ய இயலாததைக் காற்று ஓரிரவில் செய்து முடித்தது.

இயற்கைத் துறைமுகம் இல்லாத ஊர் சென்னை. கப்பல்கள் கடலில் தொலைவே நிற்க, மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்து மனிதரும் பண்டமும் கரை சேர்ந்த காலம் நெடியது. பின்னர் 1875-இல் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டப் பெற்று, சுவர்கள் கடலுக்குள் நீண்டன. வேலை முடியுந் தறுவாயில், 1881 நவம்பரில் வீசிய புயல் அச்சுவர்களின் பெரும்பகுதியைத் தகர்த்தது. மீண்டும் முதலிலிருந்து கட்ட வேண்டியதாயிற்று. 1966 நவம்பர் 3-ஆம் நாள் புயலில் 'ஸ்டமாட்டிஸ்' என்னும் கப்பல் மெரினாக் கடற்கரையருகே தரைதட்டி உடைந்ததை நம் தந்தையர் நேரிற் கண்டனர். அதன் எலும்புக்கூடு நெடுங்காலம் அலைகளுக்கிடையே தென்பட்டது. 1994 அக்டோபர் 31-ஆம் நாள் புயல், இளமைப் பருவத்தில் நாம் கண்டது.

இவற்றையெல்லாம் எழுதியோர் கப்பல்களின் பெயரை எழுதினர். தளபதிகளின் பெயரை எழுதினர். சரிந்த சுவரின் நீளத்தையும் எழுதினர். மறுநாள் கரை ஒதுங்கிய பிணங்களை அகற்றியவர் யார்? சேற்றை வாரியவர் யார்? விழுந்த மரத்தை வெட்டியவர் யார்? ஆங்கிலேயரின் பழைய நிலப்படங்களில் 'பறச்சேரி' என்று குறிக்கப்பட்டிருந்த இடங்களில் வாழ்ந்தோரின் வீடுகள் என்னவாயின? இவ்வினாக்களுக்கு அவ்வேடுகளில் விடையில்லை.

தாழ்ந்த நிலம் யாருக்கு?

சென்னை மேடுபள்ளம் மிகுதியில்லாத சமவெளி நகரம். கூவமும் அடையாறும் கொற்றலையாறும் இதனூடே கடலை நோக்கிச் செல்கின்றன. வடக்கு தெற்காகப் பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. வடசென்னையில் ஓட்டேரி நல்லாவும், கேப்டன் காட்டன் கால்வாயும் உண்டு. கடல் கொந்தளிக்குங்கால் ஆற்று முகத்துவாரங்கள் வெள்ளத்தை எளிதில் ஏற்பதில்லை. நீர் பின்வாங்கிக் கரையோரத் தாழ்நிலங்களில் நிற்கிறது. அத்தாழ்நிலங்களில் குடியிருப்போர் யார் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை.

பக்கிங்காம் கால்வாயின் கதை ஒன்றே போதும். தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பெரும் பஞ்சத்தில், கிராமங்களை விட்டு ஓடிவந்த ஏழை மக்களைக் கொண்டு, பஞ்ச நிவாரண வேலையாக, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி தோண்டப் பெற்றது. பட்டினியால் வாடியோர் தோண்டிய கால்வாய்க்கு அன்றைய ஆளுநரான பக்கிங்காம் கோமகனின் பெயர் வாய்த்தது. பின்னாளில் அக்கால்வாயின் கரை ஏழைகளின் குடியிருப்பாயிற்று. அதன்மீதே பறக்கும் ரயிலின் தூண்கள் எழுந்தன. வெள்ளம் வரும்போதெல்லாம் கரையில் இருப்போர் 'ஆக்கிரமிப்பாளர்' ஆகின்றனர். நீருக்குள் நிற்கும் தூண்களை யாரும் அவ்வாறு அழைத்ததாக நாம் கேட்டதில்லை.

2015 டிசம்பர் 1-ஆம் நாள் மழையை மறக்க இயலுமா? தாம்பரத்தில் ஒருநாள் மழை 49 சென்டிமீட்டர் என்று பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றின் இருகரையும் மூழ்கின. இது மனிதரால் நேர்ந்த பேரிடர் என்று இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை பின்னர்க் குறிப்பிட்டது. அவ்வறிக்கை 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. வெள்ளம் வடிந்தபின் ஆற்றங்கரைக் குடும்பங்கள் பல நகருக்கு வெளியே பெரும்பாக்கம் முதலிய இடங்களுக்கு மாற்றப்பட்டன. வேலை ஓரிடம், வீடு ஓரிடம் ஆயிற்று. கல்வியாண்டின் நடுவே பள்ளி மாறிய பிள்ளைகள் எத்தனை பேர்! ஆசிரியத் தொழிலில் உள்ள எமக்கு அவ்வாண்டு வருகைப் பதிவேட்டைப் புரட்டும்போதெல்லாம் நெஞ்சு கனத்தது.

அவ்வெள்ளத்தில் நம் மக்கள் இழந்தவற்றுள் பெரியது கட்டிலும் பீரோவும் அல்ல. காகிதங்களே ஆகும். சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியன தண்ணீரில் ஊறிக் கூழாயின. மாடி வீட்டார் மறுபடி சான்றிதழ் பெறுதல் ஓர் அலுவல். நம்மவர்க்கோ அது பல நாட் கூலியை இழத்தல். இழந்த ஆவணங்களின் நகல்களை வழங்க அரசு அந்த டிசம்பரிலேயே சிறப்பு முகாம்கள் நடத்தியது உண்மையே. ஆயினும் எந்த ஆண்டு எந்தப் பள்ளியில் எந்த எண்ணில் படித்தோம் என்பதைச் சொல்லத் தெரியாமல் முகாமின் வாயிலிலேயே திரும்பியோரை நாம் கண்டோம்.

அதன்பின் நம் சங்கம் ஒரு சிறு செயலைத் தொடங்கிற்று. உறுப்பினர் குடும்பம் ஒவ்வொன்றின் சான்றிதழ்களுக்கும் இரண்டிரண்டு நகல் எடுத்து, ஒன்றைச் சங்கத்தின் இரும்புப் பெட்டியில் வைத்தோம். மூலத்தைத் தடித்த பிளாஸ்டிக் பையிலிட்டு, வாய் கட்டி, வீட்டில் உயரமான ஆணியில் மாட்டி வைக்கச் சொன்னோம். "சாமி படத்துக்குப் பக்கத்திலயே மாட்டிட்டேன் சார்" என்றார் ஒரு தாய். அன்று நகைத்தோம். ஓராண்டு கழிந்தபோது நகைப்பதற்கு ஒன்றுமில்லை என்று அறிந்தோம்.

2016 டிசம்பர் 12

அன்று திங்கட்கிழமை. முதலமைச்சர் ஜெயலலிதா மறைந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாவென அறிவிக்கப்பட்டு ஒரு திங்கள் கடந்து, வங்கி வாயில்களில் வரிசை இன்னும் குறையாத நேரம். வர்தா என்னும் புயல் வருகிறது என்று வானிலைத் துறை முன்னரே அறிவித்துப் பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டிருந்தது. அப்பெயரைத் தந்த நாடு பாகிஸ்தான். பொருள் ரோஜா மலர்.

புளியந்தோப்பை அடுத்த எங்கள் தெருவில், காலையிலேயே வடக்கிலிருந்து காற்று வீசத் தொடங்கிற்று. பத்து மணிக்குப் பின் மின்சாரம் நின்றது. நண்பகலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடுகள் ஒவ்வொன்றாய்ப் பெயர்ந்து காகிதம் போலப் பறந்தன. மாடி மேலிருந்த தண்ணீர்த் தொட்டிகள் உருண்டன. எதிரே நின்ற தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்து தெருவை அடைத்தது. கூரை இழந்தோர் அனைவரும் காரை போட்ட வீடுகள் நான்கில் அடைந்து கிடந்தோம். எங்கள் வீட்டின் இரண்டு அறைகளில் அன்று இருந்தோர் முப்பத்தொரு பேர்.

பிற்பகலில் ஒரு வியப்பு நேர்ந்தது. காற்று திடீரென அடங்கிற்று. வானம் வெளுத்தது. புயல் போய்விட்டதென்று எண்ணி இளைஞர்கள் தெருவில் இறங்கினர். துறைமுகத்தில் மூட்டை சுமந்து ஓய்ந்த முதியவர் ஒருவர் திண்ணையிலிருந்தே உரத்த குரலில், "டேய் பசங்களா, உள்ள போங்கடா! இது பாதிதான். இன்னொரு பாட்டம் அந்தப் பக்கத்துலேர்ந்து அடிக்கும். அறுபத்தாறுலயும் இப்படித்தான்" என்று கூவினார். அவர் சொன்னவாறே அரைமணிக்குள் தெற்கிலிருந்து காற்று சீறிற்று.

இதன் காரணத்தை மாணவர்கள் அறிதல் வேண்டும். புயலின் நடுவே காற்றற்ற வட்டம் ஒன்று உண்டு. அதனைக் 'கண்' என்பர். கிழக்கிலிருந்து மேற்கே செல்லும் புயலின் முன்பாதியில் நமக்கு வடகாற்றும், கண் கடந்தபின் பின்பாதியில் தென்காற்றும் வீசும். வடகாற்றில் வேர் தளர்ந்த மரங்களைத் தென்காற்று எதிர்ப்புறமாகத் தள்ளிச் சாய்த்தது. நகரில் பல்லாயிரம் மரங்கள் வீழ்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணம். வேரைச் சுற்றிச் சிமெண்டும் தாரும் இறுக்கிய தெருக்களில் மரங்களுக்கு மண்ணில் பிடிப்பு இல்லாமற் போனமை மற்றொரு காரணம். புயல் மணிக்கு 110 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில், 3 மணிக்கும் 5 மணிக்கும் இடையே சென்னைக்கருகே கரையைக் கடந்தது என்று வானிலைத் துறை அறிவித்தது. அம்முதியவர் பள்ளியில் பயின்றவர் அல்லர். தாம் கண்டதை ஐம்பதாண்டுக் காலம் நினைவில் வைத்திருந்து உரிய நேரத்தில் சொன்னார். அதனால் எங்கள் தெருவில் ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை.

மாலையில் வெளியே வந்து பார்த்தபோது, கூரையற்ற வீடுகளின் சுவர்களில் ஆணியும் அதில் தொங்கும் பிளாஸ்டிக் பையும் அப்படியே இருந்தன. சில வீடுகளில் ஆணியில் பை இல்லை. அதனைத் தாய்மார் மார்போடு அணைத்துக் கொண்டுவந்திருந்தனர். அவ்வாண்டு நம் உறுப்பினர் குடும்பங்களில் ஒரு சான்றிதழ்கூட அழியவில்லை.

அடிகுழாயின் மூன்று நாட்கள்

புயல் சில மணி நேரத்தில் கடந்தது. அதன் பின்விளைவோ பல நாட்கள் நீடித்தது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்திருந்தமையால் நகரம் இருளில் மூழ்கிற்று. பண எந்திரங்கள் வேலை செய்யவில்லை. அட்டையைத் தேய்க்கும் கருவிகளும் இயங்கவில்லை. கையிலோ சில்லறை நோட்டு இல்லை. அன்றாடங் காய்ச்சிகளுக்குக் கூலி தருவோரும் "பணம் எடுத்ததும் தருகிறோம்" என்றனர். ஐந்து ரூபாய் மெழுகுவத்தி இருபது ரூபாய் ஆயிற்று. பெருஞ்சாலைகளுக்கு முதலில் மின்சாரம் வந்தது. எங்கள் தெருவுக்கு ஆறாம் நாள் வந்தது.

மின்சாரம் இல்லையேல் மோட்டார் இல்லை. மோட்டார் இல்லையேல் மாடி வீடுகளில் தண்ணீர் இல்லை. எங்கள் தெருமுனையில் பழைய அடிகுழாய் ஒன்று இருந்தது. மறுநாள் காலை, அடுத்த தெருக்களின் அடுக்குமாடி வீடுகளிலிருந்து குடமும் வாளியும் ஏந்தி மக்கள் வந்தனர். பல ஆண்டுகள் அருகிலிருந்தும் எங்கள் தெருவுக்குள் கால் வைக்காதவர்கள் அவர்கள். குழாயை அடித்துப் பழக்கமில்லாத அவர்களுக்கு எங்கள் பெண்கள் அடித்துக் கொடுத்தனர். கிணற்றுநீருக்காகவும் குளத்துநீருக்காகவும் நம் முன்னோர் பட்ட அடியும் பழியும் நூல்களில் உள்ளன. அன்று யாரும் யாரையும் வரிசையிலிருந்து விலக்கவில்லை. "நீ முன்னே வா, நான் பின்னே வருகிறேன்" என்னும் பேச்சு மட்டுமே இருந்தது. மூன்று நாட்கள் அவ்வாறு நடந்தது. நான்காம் நாள் அவர்கள் தெருவில் மின்விளக்கு எரிந்தது; குடங்கள் வருவது நின்றது. பேச்சும் நின்றது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. மனிதர் ஒன்றாய் நிற்க இயலும் என்பதை அம்மூன்று நாட்கள் காட்டின. அதற்குப் புயல் ஏன் தேவைப்படுகிறது என்பதே நம் கேள்வி.

மரத்தை அறுத்தவன்

மூன்றாம் நாள், பள்ளியைப் பார்வையிடச் சென்றோம். வளாகத்தின் பெரிய வேம்பு வகுப்பறைக் கட்டடத்தின்மேல் சாய்ந்து கிடந்தது. அதனைத் தூய்மைப் பணியாளர் நால்வர் வெட்டிக்கொண்டிருந்தனர். அவர்களிடம் இருந்தவை இரண்டு அரிவாள், ஒரு கோடரி, ஒரு கயிறு. கையுறை இல்லை. ஒருவன் எங்களைக் கண்டதும் அரிவாளைக் கீழே வைத்து, "சார், வணக்கம். இந்த மரத்தடியிலதான் நீங்க எங்களுக்கு வரலாறு எடுத்தீங்க" என்றான். ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோன எங்கள் பழைய மாணவன். ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்து நான்காண்டுகள் ஆயின என்றான்.

வீட்டிற்குச் சென்றாயா என்று கேட்டோம். புயலன்று மாலை வேலைக்கு வந்தவன் இன்னும் திரும்பவில்லை. அவன் வீட்டின் கூரைத் தகடும் பறந்துவிட்டது. மனைவியும் ஐந்து வயது மகளும் பக்கத்து வீட்டில் இருந்தனர். நகரத்தின் தெருக்களை அடைத்த மரங்களை அவன் அகற்றுகிறான். அவன் வீட்டின் மேல் தார்ப்பாய் போட ஆளில்லை.

பேச்சினிடையே அவன் ஒன்று சொன்னான். முந்தைய நாள் வசதி மிக்க தெரு ஒன்றில் மரம் வெட்டியபோது ஒரு வீட்டார் குடிக்கப் புட்டித் தண்ணீர் கொடுத்தனராம். குடித்துவிட்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தபோது, "வேண்டாம், நீயே வச்சுக்கோ" என்றனராம். "எங்க தாத்தாவுக்குக் கையில ஊத்தினாங்க சார். எனக்கு பாட்டிலையே கொடுத்துட்டாங்க. இது நல்ல மனசா, இல்ல பழைய சங்கதியா? நீங்களே சொல்லுங்க சார்" என்று சிரித்தான். இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக வரலாறு கற்பித்த எமக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அது நல்ல மனமாகவும் இருக்கலாம். ஆனால் அவ்வையம் அவன் நெஞ்சில் எழும்படி ஒரு நாடு இருக்கிறதே, அதுவே வரலாறு.

2015 வெள்ளத்தின் பின்னரும் இவ்வாறே நடந்தது. பிற மாவட்டங்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்கள் பேருந்துகளில் அழைத்து வரப்பட்டு, மலைபோலக் குவிந்த குப்பையை அகற்றினர். நகரம் அவர்களுக்கு நன்றி கூறிற்று. நன்றி வேறு, உரிமை வேறு.

சட்டம் சொல்வது

2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61-ஆம் பிரிவை நம் இளைஞர் ஒவ்வொருவரும் நெட்டுருச் செய்தல் வேண்டும். பேரிடரால் பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடும் நிவாரணமும் வழங்குவதில் பால், சாதி, சமூகம், மரபு, மதம் ஆகியவற்றின் அடிப்படையில் வேறுபாடு காட்டலாகாது என்று அது விதிக்கிறது. நிவாரணப் பட்டியலில் தெரு விடுபட்டால், முகாமில் தனியே அமரச் சொன்னால், மன்றாட வேண்டுவதில்லை. இப்பிரிவைச் சுட்டி எழுத்து வடிவில் மனு கொடுத்தல் வேண்டும்.

மழைக்குப் பின் அடைபட்ட கழிவுநீர்க் குழிகளில் மனிதரை இறக்குவதும் குற்றமே. கையால் மலமள்ளுவோர் பணியமர்த்தத் தடைச் சட்டம் 2013-இல் இயற்றப்பட்டது. குழிகளில் இறந்தோர் குடும்பங்களுக்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்க வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2014-இல் கூறிற்று. 2023 அக்டோபரில் அத்தொகையை முப்பது இலட்சமாக உயர்த்திற்று. தொகை உயர்ந்தது நன்று. இழப்பீடு பெறும் நிலையே எவர்க்கும் வாராதிருத்தல் அதனினும் நன்று.

இன்னும் வரும் புயல்கள்

வர்தாவோடு வழக்கு முடியவில்லை. 2023 டிசம்பர் 3, 4 ஆகிய நாட்களில் மிக்ஜாம் புயல் கரையேறாது கடலிலேயே தயங்கி நின்று சென்னையில் மழையைக் கொட்டிற்று. வியாசர்பாடியும் புளியந்தோப்பும் பட்டாளமும் நீரில் நின்றன. எண்ணூர்க் கழிமுகத்தில் வெள்ளத்தோடு எண்ணெயும் பரவி, மீனவ மக்களின் படகும் வலையும் பிழைப்பும் பாழாயின. கடல் வெப்பமடைவதால் கடும்புயல்கள் மிகும் என்று அறிவியலார் எச்சரிக்கின்றனர். ஆதலின் இது முடிந்த கதை அன்று. நம் பிள்ளைகளின் நாளைய கதை.

அண்மையில் நம் சங்கத்தின் மாலைநேரப் படிப்பகத்தில் 'புயல்' என்னும் தலைப்பில் பிள்ளைகளைக் கட்டுரை எழுதச் சொன்னோம். யாவரும் பாடநூலில் உள்ளவாறு காற்றழுத்தம் என்றும், கண் என்றும், எச்சரிக்கைக் கூண்டு என்றும் எழுதினர். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாள் மட்டும் வேறாக இருந்தது. "புயல் வந்தால் எங்கள் அப்பா வீட்டிற்கு வரமாட்டார். ஊரில் உள்ள மரமெல்லாம் எடுத்த பிறகுதான் வருவார்" என்பது அதன் முதல் வரி. அவள் வேப்பமரத்தை வெட்டிய அம்மாணவனின் மகள். புயலன்று பக்கத்து வீட்டில் ஒண்டியிருந்த ஐந்து வயதுக் குழந்தை. அவள் சாதிச் சான்றிதழ் அன்று ஆணியில் தொங்கிய பைகளுள் ஒன்றில் இருந்தது.

1746 முதல் எழுதப்பட்ட சென்னைப் புயல் வரலாறுகளில் விடுபட்டுப்போன வரி அதுவே என்று எமக்குத் தோன்றிற்று. அவள் தாளில் இருந்த இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தினோம். பொருளில் திருத்த ஒன்றுமில்லை.

இளைஞர்களே, இம்மலர் உங்கள் கையில் இருக்கும் இவ்வேளையில் மூன்று வேண்டுகோள். உங்கள் வீட்டுச் சான்றிதழ்களின் பை இன்றும் ஆணியில் இருக்கிறதா என்று இன்றிரவே பாருங்கள். 61-ஆம் பிரிவைத் தாய்மொழியில் எழுதி உங்கள் தெருவில் உள்ளோர்க்குப் படித்துக் காட்டுங்கள். முதியோர் கண்ட புயல்களைக் கேட்டு, ஆண்டும் இடமும் குறித்து, ஒரு குறிப்பேட்டில் எழுதி நம் சங்கத்திடம் ஒப்படையுங்கள். எம்மை உள்ளே போகச் சொன்ன அத்துறைமுகத் தொழிலாளி இன்று இல்லை. அவர் கண்ட 1966-ஐ முழுதும் கேட்டு எழுதி வைக்காமற் போனோம். அத்தவறு எம்முடையது. அதனை நீங்கள் செய்யாதீர்கள்.